ஆறாத புண்: அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் நடுவே ஒரு 160 வருடக் கதை

1)
இந்தியாவில் எந்த ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போட்டாலும், அந்தத் துணி எங்க பக்கத்துத் தறியில் நெய்ததாக இருக்கலாம். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டி வட்டாரம் பேண்டேஜ் துணிக்கும் காஸ் துணிக்கும் பேர் போனது.

ஆனா எவ்வளவு கட்டுப் போட்டாலும் ஆறாத ஒரு புண் இருக்கு. புற்றுநோயை மருத்துவம் இன்னைக்கு அப்படித்தான் பார்க்குது. அந்தப் பார்வை எப்படி வந்தது, அதில் நம்ம தென்கோடிக்கு என்ன பங்கு, வெத்தலை போடுற நம்ம வீட்டுப் பெரியவங்களுக்கு அதில் என்ன சேதி இருக்கு என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2)
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வாய்ப்புண்ணோடு வர்றவங்க பரிசோதனைக்கு முன்னாடி சொல்றது: "புண்ணுதானே டாக்டர், சூட்டுக்கு வந்திருக்கும். தானா ஆறிடும்."

பயாப்சி முடிவு வந்த பிறகு வீட்டார் கேட்கிறது: "எதிர்ப்பு சக்தி கூடுறதுக்கு என்ன டாக்டர் குடுக்கலாம்?"

உடம்பின் காவல் எப்பவும் நம்ம பக்கம்தான் நிற்கும் என்ற நம்பிக்கை ரெண்டுக்குமே அடிப்படை. அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் புரிஞ்சுக்க மருத்துவ உலகத்துக்கே நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு.

3)
முதல்ல அழற்சின்னா என்னன்னு பார்த்துடலாம்.

காலில் முள் குத்தினா அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நாலு அடையாளத்தையும் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி ரோமில் செல்சஸ் என்பவர் எழுதி வச்சிட்டார். அவர் எழுதிய லத்தீனில் வீக்கத்துக்குப் பேர் 'டியூமர்'. இன்னைக்கு நாம கட்டிக்குச் சொல்ற அதே வார்த்தை. அழற்சிக்கும் கட்டிக்கும் உறவு இருக்குன்னு யாரும் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டுக்கும் ஒரே பேர்.

4)
அந்தச் சிவப்புக்கும் வீக்கத்துக்கும் உள்ளே என்ன நடக்குதுன்னு கண்ணால் பார்த்தவர்களில் ஒருவர் மெட்ச்னிகாஃப். 1882 டிசம்பர், இத்தாலியின் மெஸ்ஸினா. நட்சத்திர மீனின் குஞ்சுப் புழு கண்ணாடி மாதிரி இருக்கும். தோட்டத்து ரோஜாச் செடியில் முள் பறித்து அதன் தோலுக்குள் செருகி வச்சார். காலையில் பார்த்தா, ஊர்ந்து வந்த செல்கள் முள்ளைச் சுற்றி வளைச்சு நின்னுது.

வந்ததை விழுங்கும் செல்கள் நம்ம உடம்பிலும் உண்டு. காவல்னா இதுதான் என்றார் அவர். 1908-ல் நோபல் பரிசு.

5)
முள் குத்தினா நம்ம உடம்பிலும் இதே வேலைதான், வரிசைப்படி நடக்குது.

முதலில் நியூட்ரோஃபில்கள் வரும். கிருமிமேல ரசாயனத்தைக் கக்கிட்டு தாங்களும் செத்துப்போகும். அந்தச் சீழ்தான் நாம பார்க்கிறது. அடுத்து மேக்ரோஃபேஜ்கள். குப்பையை விழுங்கி, இடத்தைச் சுத்தம் பண்ணி, கொத்தனாரைக் கூப்பிடுவது இவங்க வேலை. இவங்க அனுப்பும் சேதியில் புது ரத்தக்குழாய் முளைக்கும், நார்த்திசு சேரும், தோல் செல்கள் வேகமாகப் பெருகி இடைவெளியை மூடும்.

கடைசியா, ரொம்ப முக்கியமா, வேலை முடிஞ்சதும் எல்லாரும் கலைஞ்சு போகணும். கட்டைப் பிரிச்சா புண் ஆறியிருக்குன்னா, உள்ளே அவங்க கலைஞ்சாச்சுன்னு அர்த்தம்.

கலையாம நின்னா?

6)
இந்தக் கேள்விக்கு மெட்ச்னிகாஃபுக்கு 20 வருஷம் முன்னாடியே ஒரு குறிப்பு கிடைச்சிருந்தது. 1863, பெர்லின். கட்டிகளை வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்த ருடால்ஃப் விர்ஷோ, புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் நிறைய இருப்பதைக் கவனிச்சார். நாள்பட்ட உறுத்தல் இருக்கும் இடத்தில்தான் புற்று முளைக்குது என்றார்.

எப்படின்னு அவரால் விளக்க முடியலை.

7)
அவரிடம் படித்த ஜப்பானியர் யாமகிவா அதைச் சோதிக்க இறங்கினார். உதவியாளர் இச்சிகாவாவோடு சேர்ந்து முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பத் தடவினார். 1915-ல் அந்தக் காதுகளில் புற்று வந்துவிட்டதாக அறிவிச்சாங்க. ஒரு ரசாயனத்தைத் தடவி ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கிய முதல் புற்று அதுதான்.

ஆனா கதை திசை மாறிப்போச்சு. தாரில் இருக்கும் ரசாயனங்கள் செல்லின் மரபணுவையே கெடுக்குதுன்னு பின்னாடி தெரிய வந்தது. உலகம் ரசாயனத்தின் பின்னாலும் மரபணுவின் பின்னாலும் போயிடுச்சு. கட்டிக்குள் நிற்கும் வெள்ளை அணுக்களை, சண்டைக்கு வந்து தோற்றுப்போன சிப்பாய்கள்னு நினைச்சு விட்டுட்டாங்க. பல பத்து வருஷம் அப்படியே ஓடிச்சு.

8)
இதே காலத்தில் நம்ம தெற்கே என்ன நடந்தது?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி, திருநெல்வேலி தாண்டி இன்னும் தெற்கே போனா கன்னியாகுமரி மாவட்டத்தில் நெய்யூர். அப்போ திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956-ல்தான் நம்ம மாநிலத்தோடு சேர்ந்தது. அங்கே லண்டன் மிஷன் ஆஸ்பத்திரி 1838-லிருந்து நடந்து வந்தது.

அங்கே வேலை பார்த்த டாக்டர் பென்டால், 1908-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை எழுதினார். விஷயம், திருவிதாங்கூரில் புற்றுநோய். கையிலிருந்த நோயாளிகளின் கணக்கு 1,700. நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் இவ்வளவு பேர். வாய்ப்புற்று இந்த மண்ணின் நோய்னு உலகத்துக்குச் சொன்ன ஆரம்பக் குறிப்புகளில் அதுவும் ஒண்ணு.

9)
1933-ல் அதே நெய்யூரிலிருந்து டாக்டர் ஓர் என்பவர் லான்செட்டில் எழுதினார். இந்த முறை தலைப்பிலேயே வெற்றிலை இருந்தது. வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்று, அதன் காரணம், திசுவில் வரும் மாற்றம், சிகிச்சை.

ஓரோடு அங்கே வேலை பார்த்தவர் சோமர்வெல். எவரெஸ்ட் ஏறப் போன அதே சோமர்வெல்தான். 1924-ல் சுமார் 28,000 அடி உயரத்தில் தொண்டையின் உள்சவ்வு குளிரில் செத்து உரிந்து மூச்சை அடைச்சிடுச்சு. நெஞ்சை ரெண்டு கையாலும் அழுத்தி அதை வெளியே தள்ளிப் பிழைச்சவர். நெய்யூரில் அவர் பேர் எடுத்தது குடல்புண் அறுவை சிகிச்சையில். அந்தக் குடல்புண்ணுக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வர்றேன்.

10)
வெத்தலை பாக்கு வாயில் என்ன பண்ணுதுன்னு இன்னைக்கு நமக்குத் தெரியும். யாமகிவா முயல் காதில் பண்ணினதை நம்ம ஆட்கள் சொந்தக் கன்னத்தில் பண்ணிக்கிறாங்க.

ஒரே பக்கத்துக் கன்னத்தில், ஒரே இடத்தில், நாளுக்குப் பல தடவை, இருபது முப்பது வருஷம். பாக்கின் நார் உரசும். சுண்ணாம்பு அந்த இடத்தைக் காரமாக்கும். அந்தக் காரத்தில் பாக்கிலிருந்து ஆக்சிஜன் கழிவுகள் கிளம்பி செல்களைச் சுடும். போயிலை சேர்த்தா மரபணுவைக் கெடுக்கும் ரசாயனமும் கூடவே வரும்.

உடம்பு இதை முள்ளுன்னுதான் நினைக்குது. காவல் செல்களை அனுப்புது. ஆனா முள் வெளியே வர்றதில்லை, தினமும் புதுசா குத்திக்கிட்டே இருக்கு. அதனால செல்கள் கலைஞ்சு போறதும் இல்லை.

11)
இதோட ஒரு நேரடி விளைவு 1952-ல் மருத்துவ ஏட்டில் ஏறியது. கிழக்கு ஆப்பிரிக்காவில் இருந்த இந்தியப் பெண்கள் சிலருக்கு வாய் மெல்ல மெல்லத் திறக்க முடியாமல் போவதை ஸ்வார்ட்ஸ் என்பவர் எழுதினார். அடுத்த வருஷம் பம்பாயிலிருந்து ஜோஷியும் எழுதினார். இன்னைக்கு அதை சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்கிறோம். காரணம் பாக்கு.

கன்னத்தின் அடியில் நார்த்திசு சேர்ந்துகொண்டே போய் தோல் மாதிரி இறுகிடும். புண் ஆறும்போது தழும்பு போடுற அதே வேலை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாம நடந்தா இப்படித்தான். இதில் ஒரு பகுதி பின்னாளில் புற்றாக மாறுது.

"போயிலை போடுறதில்லை, வெறும் வெத்தலை பாக்குதான்" என்பவர்களுக்கு: உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே பாக்கையும், போயிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும் புற்றுநோய்க் காரணிப் பட்டியலின் முதல் பிரிவில் சேர்த்தாச்சு.

12)
இப்போ 1986-க்கு வருவோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹரால்ட் ட்வோராக் என்ற நோய்க்கூறியல் மருத்துவர். கட்டியையும் ஆறிக்கொண்டிருக்கும் புண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுப் பார்த்தார். ரெண்டிலும் ரத்தக்குழாய் கசியுது. ரெண்டிலும் புதுக் குழாய் முளைக்குது. ரெண்டிலும் நார்த்திசு சேருது. புண் ஒரு கட்டத்தில் நிறுத்திக்கும், கட்டி நிறுத்தறதில்லை. கட்டி என்பது ஆறத் தெரியாத புண் என்று சொன்னார்.

விர்ஷோ விட்ட இடம் 123 வருஷம் கழிச்சு மறுபடியும் பேசப்பட்டது.

13)
அதுக்கப்புறம் வந்த ஆய்வுகள் சொன்னதைச் சுருக்கமா தர்றேன்.

நாள்பட்ட அழற்சியில் காவல் செல்கள் கக்கும் ரசாயனம் கிருமியோட நிற்காம நம்ம சொந்த செல்லின் மரபணுவையும் கெடுக்கும்.

"வேகமா பெருகு" என்று அவை கொடுக்கும் கட்டளை கெட்டுப்போன செல்லுக்கும் போய்ச் சேரும்.

காயத்துக்காக முளைத்த ரத்தக்குழாய் கட்டிக்குச் சோறு போடும்.

மேக்ரோஃபேஜ்களைக் கட்டி தன் பக்கம் இழுத்துக்கும். அவை சண்டையை விட்டுட்டு கொத்தனாரைக் கூப்பிடும் வேலையை மட்டும் செய்யும். உண்மையிலேயே புற்றைக் கொல்லக்கூடிய டி செல்களையும் கிட்ட வரவிடாம தடுக்கும்.

2011-ல் ஹனஹனும் வைன்பெர்க்கும் புற்றுநோயின் அடையாளங்களைப் புதுசா பட்டியல் போட்டபோது, அழற்சியின் துணையும், காவலிலிருந்து தப்பிக்கும் திறமையும், ரெண்டுமே அதில் ஏறிடுச்சு.

14)
இது வாயோடு நிற்கலை. கல்லீரலில் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் வருஷக்கணக்கில் மூட்டும் அழற்சி கல்லீரல் புற்றுக்குப் போகலாம். பெருங்குடலில் நாள்பட்ட அழற்சி நோய் இருப்பவர்களுக்கு அங்கே புற்று வரும் ஆபத்து கூடுதல்.

வயிறு? சோமர்வெல் கத்தியால் தீர்த்து வைத்த குடல்புண்ணுக்கு பெரும்பாலும் ஒரு பாக்டீரியாதான் காரணம்னு ஆஸ்திரேலியாவின் வாரனும் மார்ஷலும் 1980-களில் காட்டினாங்க. நிரூபிக்க மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடிச்சு இரைப்பை அழற்சியை வரவழைச்சார். 2005-ல் நோபல். அதே ஹெலிகோபேக்டர், சிலருக்கு இரைப்பையில் பல வருஷ அழற்சியை உண்டாக்கி புற்றில் கொண்டு விடும். சோமர்வெல் காலத்தில் ஆபரேஷன் தேவைப்பட்ட பலருக்கு இன்னைக்கு இரண்டு வார மாத்திரை போதும்.

15)
"அப்போ அழற்சின்னாலே கெட்டதா டாக்டர்?"

இல்லை. 1891, நியூயார்க். கழுத்தில் கட்டி இருந்த ஒரு நோயாளிக்குக் கடுமையான தோல் தொற்று வந்து, அது தணிந்தபோது கட்டியும் காணாமல் போயிருந்ததைப் பழைய கேஸ் ஷீட்டில் பார்த்தார் வில்லியம் கோலி என்ற அறுவை மருத்துவர். பிறகு வேண்டுமென்றே நோயாளிகளுக்குக் கிருமியைச் செலுத்த ஆரம்பிச்சார். சிலருக்குக் கட்டி கரைஞ்சது. சிலர் தொற்றிலேயே இறந்தாங்க. செத்த கிருமிக்கு மாறினார். பலன் ஒரே சீராக இல்லாததால் அவர் முறை வழக்கொழிந்து போச்சு.

ஆனா அந்த யோசனை சாகலை. சிறுநீர்ப்பையின் மேல்மட்டப் புற்றுக்கு பிசிஜியை, ஆமாம், குழந்தைக்குத் தோளில் போடுற அதே பிசிஜியைத்தான், சிறுநீர்ப்பைக்குள் செலுத்தறோம். 1976-ல் வந்த முறை, இன்னைக்கும் நடைமுறையில் இருக்கு. அழற்சியை உண்டாக்கித்தான் அது வேலை செய்யுது.

16)
மில் ஊர்க்காரங்களுக்கு இதில் ஒரு ஆச்சரியம் இருக்கு.

பஞ்சுத் தூசியில் பாக்டீரியாவின் ஓட்டுப் பகுதியான எண்டோடாக்சின் ஒட்டியிருக்கும். நுரையீரலில் அழற்சியை உண்டாக்கும். வார லீவு முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் போனதும் நெஞ்சு இறுக்குதுன்னு சொல்ற பிஸினோசிஸ் நோயில் அதுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்போ நுரையீரல் புற்றும் கூடணும்தானே? ஷாங்காய் ஜவுளி ஆலைப் பெண் தொழிலாளர்களை வச்சு 2007-ல் வெளிவந்த ஆய்வில் நேர்மாறா இருந்தது. எண்டோடாக்சின் அதிகம் சுவாசித்தவங்களுக்கு நுரையீரல் புற்று குறைவு.

ஒரு விளக்கம்: 1975-ல் நியூயார்க்கில், எண்டோடாக்சின் பட்ட மேக்ரோஃபேஜ் ஒரு பொருளைச் சுரப்பதையும், அது எலியின் கட்டியைக் கருக வைப்பதையும் பார்த்து, அதுக்கு கட்டியை அழிக்கும் காரணி, டிஎன்எஃப், என்று பேர் வச்சாங்க. கோலி கண்டதன் பின்னணியில் இதுவும் இருக்கலாம்.

இதைப் படிச்சிட்டு பஞ்சுத் தூசி நல்லதுன்னு யாரும் கிளம்பிடாதீங்க. பிஸினோசிஸ் முற்றினா நுரையீரல் திரும்ப வராது. மாஸ்க்கைக் கழற்றாதீங்க.

17)
டிஎன்எஃப் கதை இன்னும் முடியலை. 1999-ல் லண்டன் ஆய்வாளர்கள் டிஎன்எஃப் சுரக்காத எலிகளை உருவாக்கி, தோலில் புற்று உண்டாக்கும் ரசாயனத்தைத் தடவினாங்க. கட்டியை அழிக்கும் பொருள் இல்லாததால் அந்த எலிகளுக்குப் புற்று கூடுதலா வரணும். மாறாக, குறைவாத்தான் வந்தது.

ஒரே பொருள்தான். ஒரேயடியா, நிறைய வந்தா கட்டியைக் கருக்குது. கொஞ்சங்கொஞ்சமா, நாள்பட ஊறினா கட்டியை வளர்க்குது.

இந்த இழையில் ஒரு பதிவை மட்டும் ஞாபகம் வச்சுக்கணும்னா இதை வச்சுக்கங்க. காவல் வலுவா இருக்கா பலவீனமா இருக்கா என்பதோடு கேள்வி முடியலை. வந்த வேலையை முடிச்சிட்டு கலையுதா இல்லையா என்பதும் அதே அளவு முக்கியம்.

18)
அதனால்தான் "எதிர்ப்பு சக்தி கூட்டும்" பவுடர், லேகியம், கேப்ஸ்யூல்களைக் கேட்டு வர்றவங்களுக்கு நான் எழுதித் தர்றதில்லை. எந்தக் காவலை, எங்கே, எவ்வளவு நாள் கூட்டப்போறோம்?

நிஜமாவே டி செல்லின் தடையை எடுத்து விடும் மருந்துகள் இருக்கு. அதுக்கு வழி காட்டிய ஆலிசனுக்கும் ஹோஞ்ஜோவுக்கும் 2018-ல் நோபல் கொடுத்தாங்க. சில புற்றுகளில் அற்புதமா வேலை செய்யுது. கூடவே குடல், நுரையீரல், தைராய்டில் அழற்சியும் வரலாம். புற்று மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கும் மருந்து அது.

அழற்சியைக் குறைக்கும் பக்கமும் இலவசம் இல்லை. மாரடைப்பு வந்த சுமார் 10,000 பேரிடம் நடந்து 2017-ல் முடிவு வந்த ஆய்வில், ஒரு அழற்சிச் சேதியை மட்டும் அடைக்கும் ஊசி நுரையீரல் புற்றைக் குறைச்ச மாதிரி தெரிஞ்சது. ஆனா தொற்றால் சாவது கூடிச்சு. ஏற்கெனவே வந்த நுரையீரல் புற்றுக்கு அதே ஊசியைக் கொடுத்தபோது எதிர்பார்த்த பலன் இல்லை.

19)
அப்போ சாமானியன் கையில் என்ன இருக்கு? முள்ளை எடுக்கிறதும், புண்ணைச் சீக்கிரம் காட்டுறதும்.

ரெண்டாவதுக்கு ஆதாரம் மலைக்கு அந்தப் பக்கமே இருக்கு. நம்ம ஊர் ஸ்டேஷனில் கொல்லம் ரயில் ஏறி செங்கோட்டை தாண்டிப் பல குடும்பங்கள் திருவனந்தபுரம் புற்றுநோய் மையத்துக்குப் போறாங்க இல்லையா, அந்த மையத்து டாக்டர்கள் 1996-ல் ஒரு ஆய்வைத் தொடங்கினாங்க. 13 பஞ்சாயத்துகள், 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 1,90,000 பேர். பாதி இடங்களில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய், வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாங்க. பெரிய மெஷின் எதுவும் கிடையாது.

2005-ல் முடிவு லான்செட்டில் வந்தது. புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு, பார்க்கப்பட்ட ஊர்களில் 34% குறைவு. நெய்யூரில் பென்டால் எண்ணிக்கை எடுத்து ஏறக்குறைய நூறு வருஷம் கழிச்சு, அதே பழைய திருவிதாங்கூர் மண்ணிலிருந்து வந்த பதில்.

20)
வீட்டில் வெத்தலை, போயிலை, ஹான்ஸ், கூல் லிப், பீடி, சிகரெட் எது பழக்கம் இருந்தாலும் மாசம் ஒரு தடவை நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் வாயைத் திறந்து பாருங்க. பெரியவங்களுக்கு நீங்க பாருங்க.

• இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண். வலி இல்லைன்னாலும் காட்டணும். ஆரம்பப் புற்று பெரும்பாலும் வலிக்காது.
• துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, வெல்வெட் மாதிரி சிவப்புப் படை.
• காரம் தொட்டாலே எரிச்சல், மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விட முடியாத அளவுக்கு வாய் இறுக்கம்.
• கன்னத்தில் தடிப்பு, காரணமில்லாமல் ஆடும் பல், கழுத்தில் நெறி கட்டி.

21)
எங்கே காட்டுறது? பக்கத்து அரசு ஆஸ்பத்திரியின் பல் பிரிவு போதும். தேவைன்னா அவங்க காது மூக்கு தொண்டை டாக்டருக்கோ புற்றுநோய் மையத்துக்கோ அனுப்புவாங்க.

பயாப்சி எடுக்கச் சொன்னா "கத்தி பட்டா பரவிடும்"னு சொல்லி ஓடாதீங்க. வாய்ப்புண்ணில் துளி சதை எடுத்துப் பார்க்கிறதால் நோய் பரவாது. எடுக்காம நாட்டு மருந்து தடவிக்கிட்டுக் கழிக்கிற ஆறு மாசத்தில்தான் பரவுது.

கூரான பல் ஒரே இடத்தில் குத்திக்கிட்டே இருந்தா ராவி விடச் சொல்லுங்க. பொருந்தாத பல்செட்டை மாத்துங்க. குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தவறாம போடுங்க. அதுவும் ஒரு முள்ளை முன்கூட்டியே எடுக்கிறதுதான்.

22)
"முப்பது வருஷமா போடுறேன், இனி விட்டா என்ன ஆகப்போகுது?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு: இறுகிப்போன கன்னம் முழுசா பழைய நிலைக்கு வராது, அது நிஜம். ஆனா விட்ட நாளிலிருந்து புது முள் குத்துறது நின்னுடும். வருஷம் போகப் போக ஆபத்து குறையும். வெள்ளைப் படைகள் பழக்கத்தை விட்டதும் சிலருக்கு மறைஞ்சே போகுது.

புகையிலையை விட உதவி வேணும்னா தேசிய இலவச எண் 1800-11-2356. கூச்சப்பட வேண்டாம், கூப்பிடுங்க.

வீட்டில் வெத்தலைப் பெட்டியோடு ஒரு அப்பத்தாவோ தாத்தாவோ இருந்தா, இந்த இழையை அனுப்பி வைக்கிறதோடு விட்டுடாதீங்க. இன்னைக்கு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து, போன் டார்ச்சை அடிச்சு, "ஆ காட்டுங்க"ன்னு ஒரு தடவை பார்த்துடுங்க.